திண்ணையைத் தொட்ட கிறிஸ்மஸ் மரம்

வளவுக் கேள்விகள்: பதில் சொல்பவர் ரீச்சர்

தை பிறந்தால் எனக்குக் கிறிஸ்மஸ் மரக் கடிதங்கள்தான். பாலன் குடில் கழற்றியாயிற்று, சாடியில் நிற்கிற மரத்தை, எங்கள் ஊரில் கிறிஸ்மஸ் மரம் என்று விற்கிற நோர்ஃபோக் பைனை, என்ன செய்வது என்று ஆளாளுக்குக் கவலை. இம்முறை வந்த கட்டில் பாதிக்கு மேல் அதுவே. ஆகையால் வெண்டிக்காய்ப் புழுவும் தேசிக்காய்ச் சொறியும் அடுத்த இதழுக்குப் போகின்றன. அந்தக் கேள்விகளை அனுப்பியவர்கள் கோபிக்க வேண்டாம்.

ரீச்சர், நத்தாருக்கு வாங்கின மரம் மூன்றடி உயரம். முற்றத்தில் நட்டோம். பக்கத்து வளவு ஆடு வேலிக்குள்ளால் பூந்து வந்து நுனிக் குருத்தைக் கடித்துப்போட்டுது. அண்ணா ஒரு பக்கக் கிளையை நிமிர்த்தித் தடியோடு கட்டி விட்டிருக்கிறார். இனி அதுதான் குருத்து என்கிறார். சரிவருமா?
— ஒரு வாசகி, சாவகச்சேரி

சரிவராது, பிள்ளை. அண்ணாவிடம் சொல்லி அந்தக் கயிற்றை அவிழ்க்கச் சொல்லுங்கள்.

அண்ணாவின் கணக்கு வேம்புக்குப் பொருந்தும், பூவரசுக்கும் பொருந்தும். பூவரசங் கதியாலை வெட்டி எந்தப் பக்கத்தால் ஊன்றினாலும் அது எப்படியோ மரமாகிவிடும். இந்த மரம் அந்தச் சாதி இல்லை. இதில் தண்டாகப் பிறந்தது தண்டு, கிளையாகப் பிறந்தது சாகும்வரை கிளை.

இதை நான் காசு கொடுத்துப் படித்தேன். படிப்பிக்கத் தொடங்கிய இரண்டாம் வருசம், ஒரு கோவில் பெருநாளில் பூங்கன்று விற்க வந்தவரிடம் ஒரு சாண் உயரக் கன்று ஒன்று வாங்கினேன். பச்சைப் பசேலென்று பூனை வால் மாதிரி மெத்தென்று இருந்தது. "ரெண்டு வருசத்தில உங்கட கூரையைத் தொடும் ரீச்சர்" என்றார். ஆறு வருசம் வளர்ந்தது. கூரையைத் தொடவில்லை, திண்ணையைத் தொட்டது. சாடியின் ஒரு பக்கத்தால் வெளிக்கிட்டுப் பாய் விரித்த மாதிரி நீட்டுக்குப் போனது. அம்மா பொறுக்கமாட்டாமல், வெற்றிலைக் கொடிக்கு நடுவது போல ஒரு கொம்பு நட்டு நிமிர்த்திக் கட்டிவிட்டா. கட்டின துண்டு மட்டும் நிமிர்ந்து நின்றது. அதற்கு மேலே விட்ட புதுத் துண்டு மறுபடி சரிந்து படுத்துக்கொண்டது. அதில் வந்த சிறு கிளைகளும் இடம் வலம் இரண்டு பக்கம் மட்டும்தான், ஈர்கொல்லிச் சீப்பின் பல் மாதிரி. நிமிர்ந்த மரத்தில் கிளைகள் சுற்றிவர அடுக்கடுக்காக வரும். அது இதில் ஒருநாளும் வரவில்லை. அந்த மனிசன் பக்கக் கிளையொன்றை வெட்டி வேர் பிடிக்கவைத்து விற்றிருக்கிறார். தெரிந்து விற்றாரோ தெரியாமல் விற்றாரோ, தலையில் கட்டிவிட்டார்.

பிறகு பார்த்தால், இது உலகறிந்த சங்கதி. ஃபொக்ரிங் என்ற ஜேர்மன் தாவரவியலாளர் 1904இலேயே இதே மரத்தை வெட்டி வெட்டி நட்டுப் பார்த்து எழுதிவைத்திருக்கிறார். நுனிக் குருத்தை நட்டால் நிமிர்ந்த மரம். பக்கக் கிளையை நட்டால் படுத்த மரம். வேர் புதிது, மண் புதிது, ஆனாலும் தான் எங்கேயிருந்து வெட்டுப்பட்டேன் என்பதை அந்தத் துண்டு மறப்பதில்லை.

உங்கள் மரத்துக்கு வழி இருக்கிறது. ஆடு கடித்த இடத்துக்குக் கீழே தண்டைப் பாருங்கள், கிளையைப் பார்க்காதீர்கள். தண்டில் ஒட்டியிருக்கும் இலைகளின் கக்கத்துக்குள்ளே பிரியிழையம், அதாவது புதுக் குருத்தை உண்டாக்கக்கூடிய இழையம், கொஞ்சம் உறங்கிக் கிடக்கும். வெளியில் பார்த்தால் அரும்பு என்று ஒன்றும் தெரியாது. நுனி போய்விட்டால்தான் அது விழிக்கும். சில மாதங்களில் தண்டிலிருந்தே ஒன்றோ இரண்டோ மூன்றோ நேர்க்குருத்துக் கிளம்பும். விரல் நீளம் வந்ததும் திடமான ஒன்றை விட்டு மற்றவற்றைக் கிள்ளிவிடுங்கள். எல்லாவற்றையும் விட்டால் மரம் சூலாயுதம் போல நிற்கும். அதுவரைக்கும் சோளகக் காற்றில் மண் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆட்டையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கசூரினாக் கடற்கரைச் சவுக்கும் இந்தக் கிறிஸ்மஸ் மரமும் ஒரே குடும்பமா? சின்ன வயதில் சவுக்குக் கிளையைத்தான் வெட்டிச் சோடித்தோம்.
— காரைநகர் வாசகர்

நாங்களும் அதைத்தான் சோடித்தோம். பஞ்சை உருட்டிப் பனி என்று ஒட்டுவோம். ஆனால் இரண்டும் தூரத்து உறவுகூட இல்லை.

அடுத்தமுறை கடற்கரைக்குப் போனால் சவுக்கின் ஒரு "ஊசி"யை எடுத்து இரண்டு விரலாலும் மெல்ல இழுத்துப் பாருங்கள். கணுக் கணுவாகக் கழன்று வரும். கழன்ற இடத்தைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தால் ஏழெட்டுச் சின்னப் பற்கள் வட்டமாக நிற்கும். அந்தப் பற்கள்தான் இலை. ஊசி என்று நாங்கள் நினைப்பது பச்சைக் குச்சி. கூம்பு மாதிரித் தெரிகிற கொட்டையும் கூம்பல்ல, பல பூக்கள் காய்த்து ஒன்றாக இறுகிய காய்க்கொத்து. சவுக்கு பூக்கும் மரம், வித்தைக் காய்க்குள் மூடிவைக்கும் வித்துமூடியுளி. கிறிஸ்மஸ் மரம் பூவே இல்லாத, வித்தைக் காய்க்குள் மூடாத வித்துமூடியிலி. உங்கள் வேலிக் கிளுவை அந்தச் சவுக்குக்கு எவ்வளவோ கிட்டின சொந்தம்.

இந்த மரத்தின் உண்மைப் பெயர் என்ன? எங்கள் வீட்டு மரத்தின் கீழ்க்கிளை ஒரு மாதிரியும் எங்கள் பாடசாலைக்கு முன்னால் நிற்கும் பெரிய மரத்தின் இலை வேறு மாதிரியும் இருக்கின்றன. இரண்டும் வேறு மரமா?
— தரம் 10 மாணவி, மானிப்பாய்

நீங்கள் இரண்டையும் தொட்டுப் பார்த்திருக்கிறீர்கள். அதற்கே பத்துப் புள்ளி.

பெயர் அரோகாரியா ஹெற்றரோபில்லா. ஹெற்றரோ என்றால் வேறுபட்டது, பில்லா என்றால் இலை. வேறுபட்ட இலைகளை உடையது என்று பெயருக்குள்ளேயே உங்கள் கேள்வி இருக்கிறது. இளம் மரத்தின் இலை ஒரு சதமமீற்றர், மிஞ்சினால் ஒன்றரை. ஊசி போல மெலிந்து, சற்று வளைந்து, விலகி விலகி நிற்கும், தடவினால் மெத்தென்று இருக்கும். முதிர்ந்த மரத்தின் இலை குறுகித் தடித்து உள்நோக்கி வளைந்து, ஓலைப்பெட்டி இழைத்த மாதிரி ஒன்றன்மேல் ஒன்று நெருங்கிவிடும். கிளை அப்போது தடித்த கயிறு போல இருக்கும். இந்த மரம் இலையை ஒவ்வொன்றாக உதிர்ப்பதில்லை, அந்தக் கயிற்றோடு சேர்த்துத்தான் விழுத்தும். கூட்டுகிறவர்களுக்குத் தெரியும்.

கூம்பைக் காண மரம் நன்றாக முதிர வேண்டும். ஆண் கூம்பு விரல் போலக் கிளை நுனியில் தொங்கும். பெண் கூம்பு ஏறத்தாழ உருண்டை, 12 சதமமீற்றர் அளவு. உயரத்தை விட அகலம் ஒரு துளி கூட. முற்ற ஒன்றரை வருசம் எடுக்கும். முற்றினால் மலைநாட்டுப் பைனஸ் கூம்பு போல முழுதாக விழாது, மரத்திலேயே செதில் செதிலாகக் குலைந்து கொட்டும். செதிலுக்கு ஒரு வித்து, செதிலோடு ஒட்டியபடி.

அந்தப் பெரிய மரம் இதே இனந்தானா என்பது இன்னொரு கேள்வி. அடுத்துச் சரிந்த மரத்துக்குச் சொல்லும் பதிலையும் படியுங்கள்.

எங்கள் வளவில் அப்பா நட்ட கிறிஸ்மஸ் மரம் தென்பக்கம் சரிந்து நிற்கிறது. வீடு வடக்கே, ஆபத்தில்லை. ஆனால் ஏன் சரிந்தது? அத்திவாரம் வெட்டியதால் வேர் அறுந்ததா?
— உரும்பிராய் வாசகர்

கோபுரம் போலப் பரந்த அடுக்காக இல்லாமல், தூண் மாதிரி ஒடுக்கமாகவா நிற்கிறது? பட்டை மெல்லிய தாளாக உரிகிறதா? அப்படியென்றால் அது நான் மேலே சொன்ன மரமல்ல, அதன் ஒன்றுவிட்ட சகோதரம். அரோகாரியா கொலம்னாரிஸ், குக் பைன் என்பார்கள். நியூ கலிடோனியா தீவுகளுக்குரியது. வெப்பநாடுகளில் நோர்ஃபோக் மரம் என்று நட்டுவைத்திருப்பதில் கணிசமானவை உண்மையில் இதுதான். சாடிப் பருவத்தில் இரண்டையும் பிரித்தறிய எனக்கே தடுமாறும்.

இந்தச் சகோதரத்துக்கு ஒரு வினோதக் குணம். 2017இல் வெளியான ஓர் ஆய்வில் ஐந்து கண்டங்களில் 256 குக் பைன் மரங்களை அளந்தார்கள். வடகோளத்து மரங்கள் தெற்கே சரிந்தன, தென்கோளத்து மரங்கள் வடக்கே சரிந்தன. ஏறக்குறைய எல்லாமே பூமத்திய கோட்டைப் பார்த்து. சராசரிச் சரிவு எட்டரைப் பாகை. கோட்டிலிருந்து தூரம் போகப் போகச் சரிவும் கூடியது. யாழ்ப்பாணம் பத்துப் பாகைக்குள்ளே இருக்கிறது. எங்கள் மரம் தெற்கே சரியலாம், ஆனால் கொஞ்சமாகத்தான் சரிய வேண்டும். தூக்குக் குண்டு கட்டிப் பாருங்கள். சரிவு மெல்லியதென்றால் அப்பா நட்ட மரம் தன் குணத்தைக் காட்டுகிறது. விழுந்துவிடும் போல நின்றால் மேசனைக் கேளுங்கள், என்னைக் கேட்காதீர்கள்.

லண்டனில் மகள் வீட்டில் இருக்கிறது, கொழும்பில் ஹோட்டல் வாசலில் இருக்கிறது, எங்கள் ஒழுங்கையில் மூன்று வீட்டில் இருக்கிறது. இதைப் போய் அழிவை எதிர்நோக்கும் மரம் என்று ஒரு பேப்பரில் போட்டிருக்கிறார்கள். நம்பலாமா?
— இளைப்பாறிய கிளாக்கர், கோண்டாவில்

நம்பலாம் ஐயா. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் இது அழிவுக்கு இலக்காகக்கூடிய இனம். அந்தப் பட்டியல் சாடிகளை எண்ணுவதில்லை, சொந்த ஊரில் தானாய் முளைத்து நிற்பதை எண்ணுகிறது. கனடாவில், லண்டனில், பாரிசில் எங்கட ஆக்கள் எவ்வளவோ பேர் இருக்கினம். அதற்காக உங்கள் ஒழுங்கையில் பூட்டிக் கிடக்கிற வீட்டில் ஆளிருக்கு என்று விதானையாருக்குப் பதிவு கொடுப்பீர்களா?

இதன் சொந்த ஊர் நோர்ஃபோக் தீவு. அவுஸ்திரேலியாவுக்குக் கிழக்கே ஏறக்குறைய 1,400 கிலோமீற்றரில், பசுபிக் நடுவே. பரப்பு 35 சதுர கிலோமீற்றர் அளவு, எங்கள் நெடுந்தீவை விடச் சிறிது. அந்தத் தீவும் அதைச் சுற்றிய திட்டுகளும்தான் இந்த மரத்தின் முழு உலகம். தீவின் கொடியிலும் இதே மரம் நிற்கிறது.

1774இல் கப்டன் குக் அந்தப் பக்கம் போனார். முதலில் நியூ கலிடோனியாப் பக்கத்தில் தூரத்தே உயர்ந்த தூண்கள் தெரிய, கப்பலிலிருந்த அறிஞர்கள் அவற்றைக் கருங்கற்றூண்கள் என்று சாதித்தார்கள். மரந்தான் என்று நின்றவர் குக். கிட்டப் போனால் மரம். அதுதான் உரும்பிராய்க்காரரின் குக் பைன். அடுத்த மாதம், ஒக்ரோபரில், நோர்ஃபோக்கில் இறங்கினார். 50 மீற்றருக்கு மேல் வளைவு நெளிவில்லாமல் நேரே எழும்பி நின்ற மரங்களைக் கண்டதும் கடற்படைக்காரனுக்கு வேறென்ன தோன்றும்? பாய்மரம்! 1788இல் ஆங்கிலேயர் கைதிகளையும் கொண்டுபோய் அங்கே குடியேறியதற்கு அந்த ஆசையும் ஒரு காரணம். வெட்டிப் பார்த்தால் பாய்மரத்துக்கு உதவவில்லை, காற்றுக்கு வளைந்து கொடுக்காமல் முறிந்தது. அதற்காகக் கோடரியைக் கீழே வைத்தார்களா? வீட்டுக்கும் பலகைக்கும் வெட்டினார்கள், தோட்டத்துக்குக் காட்டைத் துப்புரவாக்கினார்கள். கைதிகளின் குடியேற்றம் ஒருமுறை கைவிடப்பட்டு 1825இல் திரும்ப வந்தது. 1856இல் பசுபிக்கின் இன்னொரு சிறு தீவான பிற்கெய்னின் சனம் வந்து குடியேறியது. ஒவ்வொரு வருகைக்கும் காடு கொஞ்சம் சுருங்கியது.

பெரிய மரத்தை வெட்டுவதை எவரும் காணலாம். கன்று முளைக்காமல் போவதை எவரும் காண்பதில்லை. மாடு மேய்ந்த நிலத்தில் கன்று தப்பாது. மாடு போகாத இடத்தில், வெளியிலிருந்து வந்த செங்கொய்யாவும் ஆபிரிக்க ஒலிவும் நெருக்கமாக வளர்ந்து வெளிச்சத்தை மறைத்துவிடுகின்றன. பக்கத்தில் பிலிப் தீவு என்று ஆளில்லாத் தீவொன்று. அங்கே விட்ட பன்றி, ஆடு, முயல் மூன்றும் சேர்ந்து மேய்ந்ததில் செம்மண் மட்டும் மிஞ்சியது. 1980களில் முயல்களை ஒழித்த பிறகுதான் பச்சை திரும்பி வரத் தொடங்கியது. சாவகச்சேரிப் பிள்ளையின் ஆட்டுக் கதையை அங்கே தீவளவாகப் பெருக்கிப் பாருங்கள்.

இப்போது நோர்ஃபோக்கின் உச்சிப் பக்கம், 319 மீற்றர் உயரமான பேற்ஸ் மலையைச் சுற்றி, தேசியப் பூங்கா இருக்கிறது, 1986இல் வந்தது. களைகளைப் பிடுங்கிக் கன்று நடுகிறார்கள். வெள்ளை ஆலா என்றொரு கடற்பறவை கூடு கட்டாது, இந்த மரத்தின் வெறுங்கிளையில் ஒரேயொரு முட்டையை வைத்துவிட்டு அதன்மேல் குந்தியிருக்கும். காற்றடித்தாலும் அப்படியே. உங்கள் மகள் வீட்டுச் சாடியில் அந்த ஆலா எங்கே முட்டை வைக்கும்?

பருத்தித்துறையில் கடற்கரையிலிருந்து நூறு யார் தூரத்தில் எங்கள் வீடு. உப்புக் காற்றுக்கு இந்த மரம் நிற்குமா?
— ஒரு வாசகர்

நிற்கும். தீவு மரம்தானே, உப்புக் காற்று பழக்கம். இலையின் மெழுகுப் பூச்சு உப்பை உள்ளே விடாது. ஆனால் சிட்னியில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அங்கே மான்லி போன்ற கடற்கரைகளில் வரிசை வரிசையாக நின்ற நோர்ஃபோக் மரங்கள் 1960கள், 70களில் கடல் பார்த்த பக்கத்தால் கருகத் தொடங்கின. நோயில்லை, புழுவில்லை. கடலில் விட்ட கழிவுநீரில் சவர்க்காரத் தூள்களின் நுரைப்பொருள் கலந்திருந்தது. அலைத் திவலையோடு அது இலையில் பட்டபோது மெழுகு காவல் தளர்ந்து உப்பு உள்ளே போனது. உப்பைத் தாங்கின மரம் சவர்க்காரத்தைத் தாங்கவில்லை. உடுப்புத் தோய்க்கிற கல்லுக்குப் பக்கத்தில் நடாதீர்கள்.

வீட்டுக்கு முன்னால் கிறிஸ்மஸ் மரம் நட்டால் குடும்பத்துக்கு ஆகாது என்கிறார்களே?
— சுன்னாகம்

வயருக்குக் கீழே நட்டால் மின்சார சபைக்கு ஆகாது. மற்றப்படி ஒன்றுமில்லை.

இலங்கைக்கென்று சொந்தமாக ஓர் ஊசியிலை மரமாவது உண்டா?
— ஆசிரியர், வவுனியா

இன்று இல்லை. நுவரெலியாப் பக்கத்துப் பைனஸ், சைப்பிரஸ் எல்லாம் கொண்டுவந்து நட்டவை. தென்னிந்தியாவின் மேற்குத் தொடர்ச்சி மலையில்கூடச் சொந்தமாக ஒன்றுதான், நாகேயியா வாலிச்சியானா. ஊசியே இல்லாமல் அகன்ற இலையோடு நிற்பதால் பார்த்தால் நம்பமாட்டீர்கள். ஆனால் புத்தளத்துத் தப்போவப் பகுதியின், டைனோசர்கள் வாழ்ந்த யுராக் காலப் பாறைப் படிவுகளில் ஊசியிலை மரச் சுவடுகள் கிடைத்திருக்கின்றன. வவுனியாவிலிருந்து அதிக தூரமில்லை. வகுப்பைக் கூட்டிக்கொண்டு போகிறதென்றால் தொப்பியும் தண்ணியும் மறக்க வேண்டாம், நல்ல வெயில்.

மருமகன் சிட்னியிலிருந்து மாசியில் வருகிறார். ஒரு முழுக் கூம்பு கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். வித்து எடுத்து நடலாந்தானே? நூறு கன்றாவது வராதா?
— அளவெட்டி வாசகி

அக்கா, உங்கள் ஆசை விளங்குகிறது. ஆனால் மூன்று சிக்கல். முற்றின கூம்பென்றால் சூட்கேஸுக்குள் செதிலாகக் குலைந்து அவருடைய வேட்டி முழுக்கக் கொட்டும். முற்றாத கூம்பென்றால் வித்து முளைக்காது. முற்றின வித்தும் காய விட்டால் முளைதிறனை வேகமாக இழக்கும். அளவெட்டிக்கு வந்து நல்ல நாள் பார்த்து நடுவதற்குள் பாதி போய்விடும். எல்லாவற்றுக்கும் மேலே, அனுமதிப் பத்திரமில்லாமல் வித்துக் கொண்டுவந்தால் கட்டுநாயக்காவில் தொற்றுத்தடுப்புக்காரர் எடுத்துவைத்துக்கொள்வார்கள். அவர்களைக் குறைசொல்ல முடியாது. நோர்ஃபோக்கின் செங்கொய்யாவும் யாரோ ஆசையாகக் கொண்டுபோனதுதான்.

மருமகனைக் கூம்போடு ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், பக்கத்தில் ஒரு தேங்காயை வைத்து, அளவு தெரியத்தக்கதாக. மானிப்பாய்ப் பிள்ளைக்குக் காட்ட வேண்டும்.